மூணாவது ஷட்டரும் ஒரு சாணும்

கிழக்கு வெளுக்கும் முன்பே அன்னக்கொடியின் இரண்டு கைகளும் முழங்கை வரை கறுத்துவிட்டன. கொழிஞ்சியாறு அணையின் மேடையில் குத்தவைத்து உட்கார்ந்து, தகர டப்பாவிலிருந்து கிரீஸை அள்ளி முதல் ஷட்டரின் திருகுத்தண்டில் அப்பிக்கொண்டிருந்தாள். தண்டின் மரைப் பள்ளத்துக்குள் விரல் நுழையாது. தேங்காய் நாரைச் சுருட்டிக் கிரீஸில் தொட்டு ஒவ்வொரு சுற்றாகத் திணிக்க வேண்டும். நார் நைந்துவிட்டால் நகம்தான். பதினோரு வருஷமாக அந்த நகத்தைத் தேய்த்துத்தான் இந்த அணை ஓடிக்கொண்டிருக்கிறது. கோட்டை கட்டியவன் பெயரைக் கல்லில் வெட்டுவார்கள். கிரீஸ் போடுகிறவள் பெயரை வருகைப்பட்டியலில் எழுதவே காண்டிராக்டருக்குக் கை வலிக்கும்.

மேடைக்கு மேற்கே தண்ணீர் தளும்பாமல் கிடந்தது. அளவுகல்லில் இருபத்தொரு அடி. இருபத்துநாலு ஆனால் நிறைந்துவிட்டது என்று பொருள். அதற்கு மேல் வருவதை நான்கு ஷட்டர் வழியாகத்தான் வெளியேற்ற வேண்டும். மேடையில் இருக்கும் கைப்பிடியைச் சுற்றினால் தண்டு மேலே ஏறும், தண்டோடு கீழே இருக்கும் இரும்புக் கதவும் ஏறும், மிச்சத் தண்ணீர் ஓடையில் பாயும். அந்த ஓடையின் இரு கரையிலும் கலுங்கடி. நாற்பது வீடு. மூன்றாவது வீடு அன்னக்கொடியுடையது.

"மூணாவதுக்கும் பூசிட்டியா அன்னம்?" என்று கேட்டுக்கொண்டே லாசர் வந்தார். முப்பது வருஷமாக ஷட்டர் தூக்குகிறவர்.

"பூசுறதுக்கு என்னண்ணே இருக்கு? மேல தெரியுறதே ஒரு சாண்தான்."

அந்த ஒரு சாண் கதை வேலை பார்த்த நான்கு பேருக்குத்தான் தெரியும். மற்ற இருவர் மோட்டார் பார்க்கிற முத்துக்குமரனும், போன வருஷம் வரை லாசரோடு கைப்பிடி சுற்றிய கருப்புவும்.

கதை இதுதான். ஒவ்வொரு ஆடிப் பதினெட்டுக்கும் மேடையில் பூசை போடுவார்கள். ஷட்டருக்கு ஒரு தேங்காய், ஒரு எலுமிச்சம்பழம். பூசை முடிந்ததும் ஒவ்வொரு ஷட்டரையும் ஒரு சாண் தூக்கி இறக்குவார்கள். தண்டில் அன்னக்கொடி கையை விரித்து வைத்து, கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் சரியாக இருந்தால், "போதும்ணே!" என்பாள். சாமி தூக்கு என்று அதற்குப் பெயர். முழுசாகத் தூக்கினால் ஆடி மாதத்தில் தண்ணீர் வீணாகிறதே என்று பாசனக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ஒன்பது பேர் இருந்த வேலையில் ஆளைக் குறைத்துக் குறைத்து நான்காக்கிய பிறகு, முழுசாகத் தூக்க ஆளும் இல்லை. ஆனால் நோட்டில் என்ன எழுதுவார்கள்? 'நான்கு ஷட்டர்களும் முழு உயரத்துக்கு இயக்கிச் சோதிக்கப்பட்டன.' கீழே நான்கு கையெழுத்து. சாமிக்குச் செய்தாயிற்று, சர்க்காருக்கும் செய்தாயிற்று என்று நினைத்துக்கொண்டார்கள். ஆறு வருஷமாக அப்படித்தான் நடந்தது.

இந்த ஆற்றுக்கு முன்பு ஒரு நிதானம் இருந்தது. மலையில் மதியம் இடி இடித்தால், தண்ணீர் அணைக்கு வர மறுநாள் காலையாகும். இடிச்சத்தம் கேட்ட பிறகு உலை வைத்து, சோறாக்கிச் சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டு எழுந்து ஷட்டரைத் தூக்கலாம் என்பார் லாசர். இப்போது மலையில் பாதியைக் குவாரிக்காரன் தின்றுவிட்டான். இடையில் இருந்த கண்மாய்கள் மேடாகி, கல் நட்டு, பிளாட்டாகிவிட்டன. ஒரு மாசத்து மழை ஒரே மத்தியானத்தில் கொட்டித் தீர்க்கிறது. தடுக்க ஒரு வரப்புகூட இல்லாமல் வருகிற தண்ணீர் எங்கே நின்று மூச்சு வாங்கும்?

போன ஐப்பசியில் இடி கேட்டு மூன்றே மணி நேரத்தில் வெள்ளம் வந்துவிட்டது. அன்னக்கொடி தூக்குச்சட்டியைத் திறந்தபோது பத்தொன்பது அடி. சாப்பிட்டுக் கழுவிக் கவிழ்த்தபோது இருபத்தொன்று. பொழுது சாய்வதற்குள் கரை உச்சிக்கு ஒரு முழம்தான் மிச்சம். முதல் இரண்டையும் மோட்டாரில் தூக்கினார்கள், கரண்ட் போனது. நாலாவதைக் கையால் பாதி தூக்கினார்கள். மூணாவது ஒரு சாண் ஏறி நின்றுகொண்டது. நான்கு பேர் பிடிக்க வேண்டிய கைப்பிடியில் லாசரும் கருப்புவும் மட்டும் தொங்கினார்கள். மழையில் கை வழுக்கியது. பல்சக்கரத்தின் மூடி கழன்று போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கருப்புவின் வலது கை உள்ளே போனது, மூன்று விரல் இல்லாமல் வெளியே வந்தது. அன்று மழை மட்டும் இன்னும் ஒரு மணி நேரம் பெய்திருந்தால் கலுங்கடி என்று ஒரு ஊர் இருந்திருக்காது. தங்கப்பொண்ணு வீட்டுச் சுவரும் கட்டிக் கிடந்த பதினோரு ஆடுகளும் போனதோடு விட்டது.

மூணாவது ஏன் ஏறவில்லை என்று ஊரில் கேட்டார்கள். "கரண்ட் போயிருச்சு" என்று சொன்னார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதியை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு அன்னக்கொடி ஒரு வருஷமாகச் சோறு இறங்காமல் திரிந்தாள். இதோ, புரட்டாசி முடியப்போகிறது. மறுபடி மலைப்பக்கம் மேகம் திரளுகிறது.

ஒன்பது மணிக்குத் திருநகரிலிருந்து காரில் வந்து இறங்கினார் காண்டிராக்டர் தங்கப்பாண்டி. வெள்ளைச் சட்டையில் தூசி படாமல் இருக்க மேடைக்கு ஏறாமலே கூப்பிட்டார். மூன்று பேரும் இறங்கி வந்தார்கள். கார் முகப்பில் நோட்டை விரித்து வைத்தார்.

"நாளைக்கு இன்ஜினியரம்மா மழைக்கு முந்தி பாக்குறதுக்கு வருது. எல்லாம் எழுதியாச்சு. ஆளுக்கு ஒரு கையெழுத்துப் போட்டுட்டு அவுங்கவுங்க சோலியப் பாருங்க."

அன்னக்கொடி எட்டிப் பார்த்தாள். அதே வாசகம். முழு உயரத்துக்கு.

"மூணாவது ஏறலையே மொதலாளி."

"ஆடிக்கு ஏறுச்சுல்ல?"

"ஒரு சாண் ஏறுச்சு."

"ஒரு சாண் ஏறுனது ஒரு ஆள் ஒசரம் ஏறாதா? என்னம்மா பேசுற?"

"ஏறலையே. வேணும்னா கருப்பு கையக் கேட்டுப் பாருங்க."

தங்கப்பாண்டியின் முகம் சுருங்கியது. "அவன் பேச்ச எடுக்காத. அவன் பேரு என் ரோல்லயே இல்ல."

"ரோல்ல இல்லாதவன எதுக்கு ஷட்டர் தூக்கச் சொன்னீங்க?" என்றார் லாசர். கேட்ட பிறகு, தான்தான் கேட்டோமா என்று அவரே திகைத்து நின்றார்.

"ஓ, லாசருக்கும் வாய் வந்துருச்சா!" தங்கப்பாண்டி சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு நோட்டின் பழைய பக்கங்களைப் புரட்டினார். "சரி. போடாதீங்க. இன்ஜினியரம்மாட்ட உண்மையச் சொல்லுங்க. அப்படியே இதையும் காட்டுங்க. ஆறு வருசமா முழுசா ஏறுச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டது யாரு? தங்கப்பாண்டியா? நல்லாப் பாரு. லாசர், முத்துக்குமரன், கருப்பு, அன்னக்கொடி. ஆடு செத்தவளும் செவரு விழுந்தவளும் நாளைக்கு ஸ்டேசனுக்குப் போனா யாரத் தேடுவாங்க?"

தங்கப்பாண்டி நோட்டை மூடி அன்னக்கொடியின் கையில் திணித்தார்.

"காலைல நான் வாரப்ப மூணு கையெழுத்தும் இருக்கணும். இல்லைன்னா நத்தத்துல இருந்து புது ஆளுகள எறக்கிருவேன். எனக்கு எம்புட்டு நேரம் ஆகும்?" காரின் புழுதி கரையில் கொஞ்ச நேரம் நின்று கலைந்தது.

"போட்ருவோம்க்கா" என்றான் முத்துக்குமரன். அவனுக்குப் பிள்ளை பிறந்து இருபது நாள். "அந்தாளு சொல்றதும் நெசந்தான. நம்ம கழுத்துக்குத்தான் வரும்."

"வெள்ளம் வந்தா மட்டும் யாரு கழுத்துக்குடா வரும்?"

"அதுக்கு என்ன பண்ணச் சொல்ற?"

"ஊர்ல சொல்லப் போறேன்."

"என்னன்னு?"

"நான் எழுதுனது பொய்யின்னு."

"ஆத்தாடி! ஒன்னைய உரிச்சுப்புடுவாங்கக்கா!"

"உரிக்கட்டும்" என்றாள். நோட்டை முந்தானையில் சுற்றிக்கொண்டு கரையிலிருந்து இறங்கினாள். லாசர் பின்னாலேயே வந்தார். முத்துக்குமரன் வரவில்லை.

அன்று ரேஷன் கடையில் அரிசி போடுகிற நாள். ஊர் பாதிக்கு மேல் அங்கேதான் இருந்தது. தங்கப்பொண்ணு வரிசையில் முன்னால் நின்றாள். அணைத் தண்ணீர் பாய்கிற நெருஞ்சிப்பட்டியின் பாசனச் சங்கத் தலைவர் சிவனாண்டி, வண்டியை மரத்தடியில் போட்டுவிட்டு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். கருப்பு சைக்கிளில் இடது கையால் பையை மாட்டிக்கொண்டிருந்தான்.

எப்படித் தொடங்குவது என்று அன்னக்கொடிக்குத் தெரியவில்லை. நோட்டை விரித்துத் தன் கையெழுத்தைக் காட்டினாள். சாமி தூக்கைச் சொன்னாள். தன் கையைத்தான் அளவாக வைத்தார்கள் என்று கிரீஸ் கறை போகாத கையை விரித்துக் காட்டினாள். "போன வருசம் மூணாவது ஷட்டர் ஏறாம நின்னது கரண்ட்டால இல்ல. ஒரு சாணுக்கு மேல நாங்க அதைத் தூக்கிப் பாத்ததே இல்ல. முழுசாத் தூக்குனதா பொய் எழுதுனோம். நானும் எழுதுனேன்."

ரேஷன் கடைத் தராசுச் சத்தம் நின்றது. முதலில் வந்தது தங்கப்பொண்ணுதான். அரிசிப் பையைத் தொப்பென்று போட்டுவிட்டு நேராக வந்து அன்னக்கொடியின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அடிப் பாவி! செத்த ஆட்ட இழுத்துப் போடுறப்ப எங்கூட ஒக்காந்து அழுதியேடி! மதினி மதினின்னு கூப்புடுவேனே ஒன்னைய! வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"ஆமா மதினி. வேல போயிரும்னு வச்சிருந்தேன்."

தங்கப்பொண்ணு கையை ஓங்கினாள். ஓங்கிய கை இறங்கவில்லை. பக்கத்தில் நின்ற கருப்பு சொன்னான். "அடிக்கிறதுன்னா என்னையும் சேத்து அடி. நானும் கையெழுத்துப் போட்டவன்தான். அப்ப வெரலு இருந்துச்சு."

கூட்டம் ஆளுக்கு ஒன்று பேசியது. ஸ்டேஷனுக்குப் போவோம் என்றான் ஒருவன். காண்டிராக்டர் காரை மறிப்போம் என்றான் இன்னொருவன். "மறிச்சு முடிக்கிறதுக்குள்ள தண்ணி வந்துரும்யா" என்று லாசர் குரல் உயர்த்தினார். "மூணாவது ஏறுற வரைக்கும் அணையில பதினெட்டு அடிக்கு மேல வைக்கக் கூடாது. மூணடி எறக்கணும். அப்பத்தான் திடீர்னு வர்ற வெள்ளத்துக்கு எடம் இருக்கும்."

மரத்தடியிலிருந்து சிவனாண்டி முன்னால் வந்தார். "மூணடியா? நல்லாருக்குய்யா! நாத்துப் பாவி வச்சிருக்கோம். இருக்குற தண்ணிய ஓடையில விட்டுப்புட்டு, அப்பறம் மழை ஏமாத்துனா என் வயலுக்கு ஒங்க கண்ணீரையா பாய்ச்சுறது?"

அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. வறண்டு கிடந்த வருஷங்களில் வயலைக் காயவிட்டுப் பார்த்தவர் அவர். ஆனால் அன்னக்கொடிக்கு இனி இழக்க ஒன்றும் இல்லை, அதனால் பேச்சு வந்தது.

"சிவனாண்டி அண்ணே, கரை ஒடைஞ்சா மூணடி இல்ல, முழுத் தண்ணியும் போகும். அப்பறம் கரை கட்ட எத்தன வருசம் ஆகும்? அதுவரைக்கும் எங்கிட்டு இருந்து பாய்ச்சுவீக? ஓடையில விடச் சொல்லல. வாய்க்கா மதகத் தொறங்க. ஒங்க கண்மாய் மூணும் காஞ்சுதான கெடக்கு? அங்கிட்டு நெரப்பிக்கங்க. தண்ணி ஒங்ககிட்டயே இருக்கும். எங்க தலைக்கு மேல இருக்காது."

சிவனாண்டி துண்டை உதறித் தோளில் போட்டார். கொஞ்ச நேரம் மேற்கே மலையைப் பார்த்தார். "வாய்க்கா தூந்து கெடக்கே" என்றார். குரலில் பழைய சூடு இல்லை.

"மம்பட்டி எங்ககிட்டயும் இருக்கு" என்றாள் தங்கப்பொண்ணு. அன்னக்கொடியைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

அன்று மத்தியானமே வாய்க்காலில் இறங்கினார்கள். கலுங்கடிக்காரர்களும் நெருஞ்சிப்பட்டிக்காரர்களும் ஒரே வாய்க்காலில் முள்ளும் சேறும் அள்ளியது அதுவே முதல் தடவை. முறைத்துக்கொண்டுதான் அள்ளினார்கள். ஒரு இடத்தில் கைகலப்பு வரப் பார்த்து அடங்கியது. பொழுது இறங்கும்போது பாதி தூரம் ஆகியிருந்தது.

மறுநாள் காலை உதவிப் பொறியாளர் ஜாய்ஸ் ஜீப்பில் வந்தபோது மேடையிலும் கரையிலும் நூறு பேருக்கு மேல் நின்றார்கள். ஓடையில் யாரும் இறங்க வேண்டாம், ஆடு மாட்டை மேட்டுக்கு ஓட்டுங்கள் என்று சர்ச் மைக்கில் சொல்லியாகிவிட்டது. தங்கப்பாண்டி அவசரமாக முன்னால் வந்தார்.

"சும்மா வேடிக்கை பாக்க வந்துருக்காங்க மேடம். எல்லாம் ரெடி. முதல் ஷட்டரைத் தூக்கிக் காட்டச் சொல்லவா?"

"மூணாவதக் காட்டச் சொல்லுங்கம்மா" என்றாள் அன்னக்கொடி.

ஜாய்ஸ் அவளையும், கையெழுத்தில்லாத நோட்டையும், கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். "சரி. மூணாவது" என்றார்.

முத்துக்குமரன் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து வந்தான். யாரையும் பார்க்காமல் சுவிட்சைப் போட்டான். மோட்டார் உறுமியது, தண்டு ஏறியது, கிரீஸ் பளபளக்க ஒரு சாண். அதோடு ஊளையிட்டு நின்றது. சுருள் கருகுகிற வாடை அடித்தது. அன்னக்கொடி குனிந்து தண்டில் கையை விரித்து வைத்தாள். கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை, ஆடி மாதம் வைத்த அதே அளவு. சாணுக்குக் கீழே மரை முழுக்கச் செந்துரு.

"ஈரத்துல கொஞ்சம் இறுகியிருக்கும் மேடம்..." என்று தங்கப்பாண்டி தொடங்கினார்.

"ஆறு வருசத்து ஈரம்" என்றார் லாசர்.

ஜாய்ஸ் அதட்டவில்லை. தாழ்ந்த குரலில் பேசினார். "இந்த அணை கட்டும்போது, எப்பவோ ஒரு தடவை வரக்கூடிய பெரிய வெள்ளம் இம்புட்டுத்தான்னு கணக்குப் போட்டாங்க. அந்த வெள்ளம் இப்போ அடிக்கடி வருது. நாலு ஷட்டரும் முழுசா ஏறுனாலே போதுமாங்கிறது எனக்குச் சந்தேகம். எழுதி அனுப்பியிருக்கேன், பதில் வரல. மட்டத்தை இறக்குற உத்தரவு என் கையில இல்ல. பாசனக்காரங்க கேட்டா வாய்க்கா மதகைத் தொறக்கலாம், அது என் அதிகாரத்துல இருக்கு."

"நாங்க கேக்குறோம்மா" என்றார் சிவனாண்டி.

"அப்ப தொறங்க. அப்பறம், இங்க என்ன நடந்துச்சோ அதை நோட்டுல எழுதுங்க."

அன்னக்கொடி நோட்டை முழங்காலில் வைத்துத் தன் கையாலேயே எழுதினாள். ஆறாம் வகுப்போடு நின்ற எழுத்து. 'மூணாவது ஷட்டர் ஒரு சாண் ஏறியது. அதற்கு மேல் ஏறவில்லை. முன்னால் ஏறியதாக எழுதியது பொய்.' கையெழுத்துப் போட்டாள். லாசர் போட்டார். முத்துக்குமரன் பேனாவை வாங்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுப் போட்டான். கருப்பு இடது பெருவிரலை நீட்டினான்.

"இவன் ரோல்லயே இல்ல மேடம்! இது செல்லாது!" தங்கப்பாண்டி நோட்டின் மேல் கையை வைத்தார்.

"கைய எடுங்க" என்றாள் தங்கப்பொண்ணு. "தண்ணி வாரப்ப, யாரு ரோல்ல இருக்கா, யாரு இல்லைன்னு கேட்டுக்கிட்டா வருது? எங்கிட்டக் குடுங்க, நானும் போடுறேன்."

அவளுக்குப் பின்னால் வரிசை நின்றது. ரேஷன் கடை வரிசை மாதிரியே நின்றார்கள், அதைவிட அமைதியாக. நெருஞ்சிப்பட்டி ஆட்களும் வரிசையில் இருந்தார்கள். தங்கப்பாண்டி காரில் ஏறும்போது கதவைப் பிடித்துக்கொண்டு கத்தினார்: "நாளைலருந்து நீங்க மூணு பேரும் வேலைக்கு வர வேணாம்!"

"நாளைக்கு வரல. இன்னைக்கு வேல கெடக்கு" என்று லாசர் கைப்பிடியைத் துடைத்தார்.

ஜாய்ஸின் ஜீப் போனபோது மேற்கே மலை உச்சி தெரியவில்லை. கறுத்துக்கொண்டு வந்தது. சரியாகப் பதினொன்றே காலுக்கு முதல் இடி கேட்டது. எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மூன்று மணி நேரம். அளவுகல்லில் இருபத்தொன்று. வாய்க்கால் மதகைத் திறந்தாயிற்று என்றாலும், பாதி தூர் எடுத்த அந்த வாய்க்கால் வழியாக வெள்ளம் வருவதற்குள் மூன்றடி இறங்கிவிடுமா? இறங்காது. எல்லோருக்கும் தெரிந்தது.

முத்துக்குமரன் ஒரு கேன் மண்ணெண்ணெய் கொண்டுவந்து துருவில் ஊற்றினான். பல்சக்கரத்துக்கு மூடியாக யாரோ ஒரு தகரத்தை வளைத்துக் கட்டினார்கள். கைப்பிடியில் நான்கு பேர் பிடித்தார்கள். அசையவில்லை. எட்டுப் பேர் கயிறு கட்டி இழுத்தார்கள். இரும்பு முனகியது, அவ்வளவுதான். முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டச் சொன்னார் லாசர். ஒரு குழு களைத்தால் இன்னொன்று. மழைத்துளி விழத் தொடங்கியது.

போன ஐப்பசியில் கருப்பு நின்ற இடத்தில் இப்போது அன்னக்கொடி பிடித்தாள். எதிர்ப்பக்கம் யார் வந்து பிடிக்கிறார்கள் என்று நிமிர்ந்து பார்த்தாள். தங்கப்பொண்ணு.

"என்ன பாக்குற? சுத்து" என்றாள். "ஆட்டுக்கு நீ பதில் சொல்லணும். அது தனிக் கதை. அது அப்பறம்."

"சொல்றேன் மதினி."

"சுத்துடி!"

ஏலேலோ போடத் தெரியாதவர்களும் போட்டார்கள். கை எரிந்தது, தோள் விட்டுப்போனது. திடீரென்று கைப்பிடி ஒரு வெட்டு வெட்டி நகர்ந்தது. கீழே தண்ணீரின் சத்தம் மாறியது. கூட்டம் கத்தியது. "பேசாம இருங்க!" என்று லாசர் அதட்டினார்.

அன்னக்கொடி மண்டியிட்டுத் தண்டில் கையை விரித்து வைத்தாள். கட்டைவிரல், சுண்டுவிரல். சுண்டுவிரலுக்கு அப்பால் இரண்டு விரல் அகலத்துக்குச் செந்துரு மேலே வந்திருந்தது. ஆறு வருஷமாக மேடைக்கு மேலே வராத மரை. டப்பாவில் மிச்சமிருந்த கிரீஸை வழித்து அதில் பூசினாள்.

"எம்புட்டுக்கா ஏறிருக்கு?" என்று முத்துக்குமரன் கேட்டான்.

"ரெண்டு வெரக்கடை."

"இன்னும் எம்புட்டு இருக்கு?"

அவள் அளவுகல்லைப் பார்த்தாள். இருபத்தொன்றுக்கு மேலே ஒரு கோடு நனைந்திருந்தது. வெள்ளம் வருவதற்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

"ஒரு ஆள் ஒசரம்" என்றாள். "அடுத்த ஆளுக வாங்க."

எட்டுப் பேர் போதும் என்ற இடத்தில் பதினைந்து பேர் வந்து கைப்பிடியைப் பிடித்தார்கள்.